மூணு கைப்பிடி உப்பு

இனிமேல் என் ஆன்லைன் பயிற்சியைப் பார்க்கும் எந்த ஆசிரியரும் தூங்கக் கூடாது. போன ஞாயிற்றுக்கிழமை காலை, மரக்காணத்தில் என் வீட்டுக் கூடத்தில், லேப்டாப் முன்னால் உட்கார்ந்து இப்படி ஒரு சபதம் எடுத்தேன். சபதம் எடுத்தால் நமக்கே ஒரு கம்பீரம் வந்துவிடுகிறது. லுங்கியில் இருந்தாலும் வருகிறது.

நான் பக்தவச்சலம். ஆசிரியர்களுக்குப் பாடம் நடத்தும் ஆசிரியர். அவர்கள் வீட்டிலிருந்தே போனில் பார்த்துக் கற்றுக்கொள்ள வீடியோ, கேள்வி பதில் எல்லாம் தயாரித்துத் தருவது என் வேலை. நான் தயாரித்த முதல் பயிற்சி 'கற்றல் என்றால் என்ன?' என்று தொடங்கியது. என்னவென்று நானே ஒரு முடிவுக்கு வருவதற்குள் ஒரு மணி நேரம் ஓடிவிட்டது. யாரும் தள்ளிவிட்டுப் பார்த்துத் தப்பிக்கக் கூடாதே என்று, முழுசாக முடித்தால்தான் வெளியே வரலாம் என ஒரு பூட்டும் போட்டிருந்தேன். எல்லோரும் முழுசாக முடித்தார்கள். பெருமையாகத்தான் இருந்தது, என் மனைவி ரேணுகா எப்படி முடித்தாள் என்று பார்க்கும்வரை.

அவளும் ஆசிரியைதான். என்னைப் போனில் ஓடவிட்டு, சத்தத்தை அணைத்து, கிரைண்டர் மேல் சாய்த்து வைத்துவிட்டுத் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னை இப்படி மியூட்ல போட்டுட்டியேம்மா?"

"கல்யாணம் ஆனதுலேர்ந்து தேடுறேங்க. இப்பதான் அதுக்கு ஒரு பட்டன் கெடைச்சிருக்குது. விடுவேனா?"

அன்றைக்குத்தான் புரிந்தது. வீடியோ முழுசாக ஓடியதற்கும் யாரோ எதையோ கற்றுக்கொண்டதற்கும் சம்பந்தமே இல்லை. கதவைப் பூட்டினால் ஆள் உள்ளே இருப்பார், மனசு கிரைண்டர் பக்கம் போய்விடும். சபதத்துக்குக் காரணம் இதுதான்.

இன்னொரு விஷயம். இதை மட்டும் சத்தமாகப் படிக்காதீர்கள். போன வாரம் வரை எங்கள் வீட்டு ஞாயிறு சமையலில் எனக்குப் பங்கு இருந்ததில்லை. ஏனென்றால் எனக்கு உப்பு அளவு தெரியாது. அதாவது, தெரியாது என்று ரேணுகா நம்பிக்கொண்டிருந்தாள். திண்டிவனத்தில் ரூம் எடுத்துப் படித்தபோது நான் வைக்கும் மீன் குழம்புக்குப் பக்கத்து ரூம்காரர்கள் தட்டோடு வந்து நிற்பார்கள். கல்யாணத்துக்குப் பிறகு அந்தத் திறமையை அமுக்கிவிட்டேன். எங்கள் வீட்டு ஜன்னலைத் திறந்தால் உப்பளம். குவியல் குவியலாக உப்பு. எங்கப்பாவுக்கே அதில் பாத்தி இருக்கிறது. இப்படிப்பட்ட வீட்டில் இருந்துகொண்டு உப்பு அளவு தெரியாது என்று சாதிக்க எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும்! அந்த நெஞ்சழுத்தத்தில்தான் என் ஞாயிற்றுக்கிழமைகள் நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தன.

சரி, சபதத்துக்கு வருவோம். புதுப் பயிற்சிக்கு அருமையான ஒரு உத்தி வைத்திருந்தேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருந்தது. ரேணுகாவைக் கூப்பிட்டேன். சங்கரா மீனைக் கழுவிக்கொண்டிருந்த ஈரக் கையோடு வந்தாள்.

"பசங்களுக்குப் பாடம் தெரியுதான்னு எப்படிக் கண்டுபுடிப்ப?"

"கேள்வி கேப்பேன்."

"அதான் தப்பு! கேட்டா, தெரிஞ்சவனும் தெரியாத மாதிரி உக்காந்திருப்பான்."

"அப்படியும் ஆளுங்க இருக்காங்களா?" என்றாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"நெறைய! அதனால கேக்கவே கூடாது. நாமளே தப்பா சொல்லணும். ஏழெட்டு அறுபதுன்னு போர்டுல எழுது. தெரிஞ்சவனால சும்மா இருக்க முடியாது. 'டீச்சர், அம்பத்தாறு'ன்னு கத்திடுவான். மாட்டிக்குவான்!"

ரேணுகா கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். என் அறிவைக் கண்டு அசந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

"நல்ல ஐடியாங்க. ஆனா ஏழெட்டுன்னு ஆரம்பிச்சா எங்க டீச்சருங்க மறுபடியும் தூங்கிடுவாங்க. நான் மீன் கொழம்பு வெக்கிறேன், நீங்க போன்ல புடிங்க. இன்னைக்குச் சரியா செஞ்சி ஒண்ணு எடுப்போம். தப்பா செய்யிறத நாளைக்கு எடுத்துக்கலாம். என்னா சொல்றீங்க?"

"பிரமாதம்!"

"நடுவுல மட்டும் பேசிடாதீங்க."

"நான் எதுக்குப் பேசப் போறேன்? எனக்கு என்னா தெரியும்?"

படப்பிடிப்பு தொடங்கியது. வெங்காயம் வதங்கியது. தக்காளி குழைந்தது. புளி கொதித்தது. வாசனையில் எனக்கு நாக்கு ஊறியது. கேமராவைப் பார்த்து அழகாகச் சிரித்தாள் ரேணுகா.

"அடுத்தது உப்பு. ஒரு கிலோ மீனுக்கு மூணு கைப்பிடி கல் உப்பு."

'அவ்வளவா?' என்ற கேள்வி வாய் வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினேன். அவள் ஒரு தட்டில் ஒன்று, இரண்டு, மூன்று என்று அள்ளி வைத்தாள்.

"மூணையும் மொத்தமா போட்டுடணும்" என்று தட்டைச் சட்டிக்கு மேல் சாய்த்தாள். பக்கத்துப் பாத்திரத்தில் கிடந்த சங்கரா மீன் என்னையே பார்த்தது.

"அய்யய்யோ, கவுக்காத!" என்று அலறினேன். "மீனைக் கழுவுறப்பவே உப்பு போட்டுத் தேச்சிருக்க, அது வேற ஏறும். புளி கொதிக்கிறப்ப முக்கா கைப்பிடி போதும். மீனைப் போட்டு ஒரு கொதி வந்ததும் ருசி பாத்துட்டு வேணும்னா ஒரு சிட்டிகை. அதுவும் மாங்கா போட்டா..."

குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. என் கையில் போன் இன்னும் பதிவு செய்துகொண்டிருந்தது.

"மாங்கா போட்டா?" என்றாள் ரேணுகா மெதுவாக.

"சும்மா... ஒரு ஊகம்தாம்மா."

"தெரிஞ்சவனால சும்மா இருக்க முடியாது." போனை வாங்கிக்கொண்டு கரண்டியை என் கையில் கொடுத்தாள். "உங்க பாடம் சூப்பருங்க. எனக்கே நல்லா புரிஞ்சிடுச்சி."

குழம்பை நான்தான் முடித்தேன். வீடியோவை அவள், என் உத்தியையும் கீழே எழுதி, தன் ஆசிரியைகள் குரூப்பில் போட்டுவிட்டாள். என் தயாரிப்பு ஒன்றை எல்லோரும் சத்தத்தோடு, முழுசாக, பூட்டே இல்லாமல், திரும்பத் திரும்பப் பார்த்தது அதுதான் முதல் தடவை. பக்கத்து வீட்டுத் தையல்நாயகி டீச்சர் மதில் மேல் எட்டிப் பார்த்து, "சார், அந்தத் தப்பா சொல்ற டெக்னிக் ரொம்ப நல்லாருக்குது. எங்க வீட்டுக்காரருக்கு டீ போடத் தெரியுமாம் சார்!" என்றார். அவருடைய வீட்டுக்காரர் அதிலிருந்து என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

இன்று ஞாயிறு. சமையல் என்னுடையது. சும்மா விட்டுவிடுவேனா? மதியக் குழம்பில் உண்மையாகவே மூணு கைப்பிடி போட்டேன். ரேணுகா உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுச் சுவைத்தாள். கண் லேசாகச் சுருங்கியது. 'விடுங்க, இனிமே நானே செஞ்சிக்கிறேன்' என்ற வார்த்தைக்காகக் காத்திருந்தேன்.

"நல்லாருக்குதுங்க. எனக்குத் தையல்நாயகி வீட்ல சாப்பாடு. நீங்க சாப்பிடுங்க."

"நான் மட்டுமா? சட்டி முழுக்கவா?"

"முழுசா முடிச்சாத்தான் வெளியே வரலாம். பூட்டு போட்டது நீங்கதானே?" வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பினாள். "பாதி மீனு ஃப்ரிட்ஜ்ல எடுத்து வெச்சிருக்கேன். சாயங்காலம் மறுதேர்வு."

சாயங்காலக் குழம்பில் உப்பு கச்சிதமாக இருந்தது.