பூட்டுக்காரம்மாளின் இடுப்புச் சாவி

பூட்டு என்ற பொருளைப் பூட்டுக்காரம்மாள் வெறுத்த அளவுக்கு இந்த உலகத்தில் யாரும் எதையும் வெறுத்திருக்க மாட்டார்கள். ஊர் கேலியாக வைத்த அந்தப் பெயரைக் கேட்டுவிட்டு, பூட்டு விற்கிறவர் என்று நினைத்து வாசலில் வந்து நின்ற வெளியூர்க்காரர்கள் உண்டு. அவர் எங்கள் ராசிபுரத்தின் மருத்துவச்சி. எங்கள் தெருவில் பாதிப் பேர் அவர் கையில்தான் முதலில் விழுந்தோம்.

பிரசவ வீட்டுக்கு வந்தால் பிள்ளைத்தாய்ச்சியைப் பார்க்கவே மாட்டார். வீட்டைத்தான் பார்ப்பார். கதவு, ஜன்னல், டிரங்குப் பெட்டி எல்லாம் திறந்தாக வேண்டும். ஊறுகாய்ச் சாடியின் வாயில் கட்டிய துணியை அவிழ்க்க வேண்டும். பெண்கள் கொண்டையை அவிழ்க்க வேண்டும். வீட்டில் எது மூடியிருந்தாலும் பிள்ளைக்கு வழி அடைபடும் என்பது ஊரே நம்பிய சங்கதிதான். ஆனால் ஊர் ஒப்புக்கு இரண்டு முடிச்சை அவிழ்க்கும். அவரோ நாற்று நடவுக்குப் போகிறவர் மாதிரி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மொத்த வீட்டையும் கவிழ்ப்பார்.

நெய் வியாபாரி ஒருவர் வீட்டில் மாட்டை அவிழ்த்துவிட, அது பக்கத்து வீட்டுக் கத்தரிச் செடியை மேய்ந்து தீர்த்தது. சண்டைக்கு வந்த பக்கத்து வீட்டுக்காரரைப் பூட்டுக்காரம்மாள் ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏனுங்க, அந்தத் தலப்பாக்கட்டு எதுக்குங்க? அவுத்துட்டுப் பேசுங்க."

அவரும் அவிழ்த்துவிட்டார். அதற்குப் பிறகு மனுஷனுக்குச் சண்டை போடும் தெம்பு எங்கிருந்து வரும்?

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு வருஷம் முன்பு, தலைப்பிரசவத்துக்காக நான் அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். விடியற்காலை இடுப்பு வலி கண்டது. அந்த வலியை நான் வர்ணிக்கப் போவதில்லை. பட்டவர்களுக்குத் தெரியும், படாதவர்கள் நம்ப மாட்டார்கள்.

பூட்டுக்காரம்மாள் வந்தார். வழக்கம்போல என்னைத் தாண்டிக்கொண்டு போனார். அரை நாழிகையில் வீடு திருடன் புகுந்த வீடாகிவிட்டது. கடைசியில் அப்பாவின் தறிக்கு முன்னால் போய் நின்றார். தறியில் ஒரு கல்யாணப் பட்டு பாதி நெசவில் இருந்தது. பத்து நாளில் முகூர்த்தம். நீளவாக்கில் ஓடும் பாவு இழைகளை விறைப்பாக இழுத்துப் பிடித்திருந்த கயிறு முளையில் கட்டியிருந்தது.

"ஏனுங்க, அது என்னங்க முடிச்சு?"

"அது பாவுக் கயிறுங்க. அதுல கைய வெக்கப்படாதுங்க," என்றார் அப்பா. தறிக் குழியிலிருந்து எழுந்திருக்கக்கூட இல்லை.

"அவுத்து உடுங்க."

"அவுத்தா பாவு தொங்கிப் போயிருமுங்க. அப்பறம் எத்தன இழுத்துக் கட்டுனாலும் சேலைல குறுக்கே கோடு உழுந்துரும். கலியாணச் சேலைங்க!"

"பாவு சிக்குனா உக்காந்து பிரிச்சுக்கலாமுங்க. புள்ள சிக்குனா என்ன பண்ணுவீங்க?"

 அப்போதும் அப்பாவின் கை கயிற்றுப் பக்கம் போகவில்லை. அம்மா அவிழ்ந்த தலையோடு வந்து நின்றாள். அப்பாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவள், அன்றைக்குக் கத்தினாள்.

"அவுத்து உடுங்கன்னா அவுத்து உடுங்க!"

அப்பா அவிழ்த்தார். பட்டு தொய்ந்து தரைக்கு இறங்கியது. அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவ்வளவு செய்தும் பிள்ளை வரவில்லை. உச்சி வெயில் சாய்ந்தது. பூட்டுக்காரம்மாள் குடையை விரித்து வைத்தார், தோரணத்தை அறுத்தார், சுருட்டிக் கட்டிய பாயைப் பிரித்தார். பிறகு என் வயிற்றில் கையை வைத்தவர் பேச்சை நிறுத்திவிட்டார். வாய் ஓயாத மனுஷி பேசாமல் இருந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது. செத்துப் போய்விடுவேன் என்று நினைத்தேன்.

"வண்டியக் கட்டிச் சேலத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிரலாமா?" என்றாள் அம்மா, அழுதுகொண்டே.

"இருக்கற முடிச்சே போதுமுங்கம்மா. மாட்டைப் புடிச்சு நுகத்துல வேற கட்டோணுமா?"

இன்றைக்கு நினைத்தால் அம்மா சொன்னதுதான் நியாயம். அன்றைக்கு எனக்கு இருவர் மேலும் கோபம். பூட்டுக்காரம்மாள் குனிந்தபோது அவருடைய இடுப்பிலிருந்து ஏதோ ஒன்று ஆடி ஆடி என் மூக்கில் இடித்தது. ஆத்திரத்தில் பிடித்து இழுத்தேன்.

"இது என்ன சாவி?"

பூட்டுக்காரம்மாளின் முகம் வெளுத்துவிட்டது.

"அட சாமி! என்ர ஊட்டுச் சாவி. வாரப்பப் பூட்டிட்டு வந்துட்டனே!"

ஊரையெல்லாம் திறக்க வைத்தவர், தன் வீட்டைப் பூட்டிவிட்டு வந்திருக்கிறார்.  சாவியை உருவி அப்பாவிடம் வீசினார்.

"ஓடுங்க!"

தேர் வந்தாலும் வேகமாக நடக்காத அப்பா நாலு தெரு தாண்டி ஓடினாராம். இங்கே பூட்டுக்காரம்மாள் என்னை இடப்பக்கம் ஒருக்களிக்கச் செய்து, கை நிறைய விளக்கெண்ணெயைத் தடவிக்கொண்டு, வயிற்றை அழுத்திப் பிள்ளையைத் திருப்பினார்.

"என்ர கண்ணு, இன்னொருக்கா முக்கு. இன்னும் ஒரேயொருக்கா!"

அப்பா இரைக்க இரைக்கத் திரும்பி வந்து வாசலில் நின்று "தொறந்துட்டேனுங்க!" என்று கத்தினார். உள்ளே என் மகள் அதைவிடப் பலமாகக் கத்தினாள்.

சாவியா, கையா என்று கேட்டால் நான் கை என்றுதான் சொல்வேன். பூட்டுக்காரம்மாள் ஒப்புக்கொள்ளவே இல்லை. அன்றிலிருந்து தன் வீட்டைப் பூட்டுவதையே விட்டுவிட்டார். ஒரு தடவை பித்தளைக் குடம் களவு போனது. "போனாப் போவுது. எவளுக்கு எந்நேரம் வலி எடுக்குமோ!" என்றார்.

சேலையில் கோடு விழுந்தது. கல்யாண வீட்டார் வேண்டாம் என்றுவிட்டார்கள். அப்பா அதை எனக்கே கொடுத்தார். ஆனால் பூட்டுக்காரம்மாளைத் தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வதை ஏழெட்டு வருஷம் விடவில்லை.

அவர் இறந்துபோன செய்தி கேட்டு, கோடு விழுந்த அந்தச் சேலையையே கட்டிக்கொண்டு ஊருக்குப் போனேன். காரியம் முடிந்து, உறவுக்காரர் ஒருவர் பொறுப்பாக வீட்டைப் பூட்டிக்கொண்டிருந்தார். அப்பா தடியை ஊன்றிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றார்.

"பூட்டக் கழட்டுங்க. அந்தம்மாளுக்கு ஆவாது."

பிரசவத்தில்கூட நான் அவ்வளவு அழவில்லை.