சாம்பிள் அண்ணாச்சியும் இரண்டு நாட்டு வழிகாட்டியும்

ஜனவரி பதினேழு, சனிக்கிழமை. வழக்கம்போல விடியுமுன் எழுந்து பரமசிவன் கோயில் அடிவாரம் வரை நடந்து திரும்பினேன். நாள்காட்டித் தாளைக் கிழித்தேன். இரத்த அழுத்த மாத்திரையை விழுங்கிவிட்டு இட்லிக்கு உட்கார்ந்தேன். இரண்டாவது இட்லியில் தெருவில் ஜீப் ஹாரன் கேட்டது. கையை எடுக்காமல் ஒரே அழுத்தாக அழுத்தினால் அது சாம்பிள் அண்ணாச்சி. தட்டை மூடி வைத்துவிட்டுச் சட்டையை மாட்டினேன். இந்தச் சனிக்கிழமையும் போயிற்று.

எங்கள் போடிநாயக்கனூரில் சாம்பிள் பார்க்காமல் பொருள் வாங்கி ஏமாந்தவர்கள் நிறையப் பேர் உண்டு. சாம்பிள் பார்த்தே ஆயுளைக் கழித்தவர் இவர் ஒருவர்தான்.

ஏலக்காய் வியாபாரத்தில் சாம்பிள் என்பது சட்டம் மாதிரி. மூட்டையில் இருந்து ஒரு கை அள்ளித் தட்டில் கொட்டுவார்கள். வாங்க வந்தவர் நிறம் பார்ப்பார், நகத்தால் கீறுவார், ஒரு காயைக் கடிப்பார், அப்புறம்தான் பேசுவார். அண்ணாச்சி இந்தச் சட்டத்தை ஏலக்காயோடு நிறுத்திக்கொள்ளவில்லை.

முடிவெட்டப் போனால் ஒரு காதோரம் மட்டும் வெட்டச் சொல்வார். அப்படியே தெருவுக்கு வந்து இரண்டு பேரிடம் அபிப்பிராயம் கேட்டபிறகே மறு காதைக் காட்டுவார். கட்டில் வாங்கப் போன கடையில் ஒரு மதியம் முழுக்கத் தூங்கி எழுந்து, "கனவு சரியில்ல" என்று வந்துவிட்டார். பல் பிடுங்கப் போன இடத்தில், "மொதல்ல லேசா ஆட்டிக் காட்டுங்க" என்றார். மருத்துவர் ஆட்டினார். பல் கையோடு வந்துவிட்டது. "சாம்பிளுக்கு யாரும் காசு வாங்குறதில்ல" என்று சொல்லி, வாயில் பஞ்சோடு இறங்கி வந்தார்.

நான் எதிர்வீட்டுக்காரன். அவருடைய ஏலக்காய்க் கடைக்கு வரிக் கணக்குப் பார்ப்பதும் நான்தான். எனவே எல்லாச் சாம்பிளுக்கும் நானே சாட்சி.

அண்ணாச்சிக்கு ஒரே மகள், பூங்கொடி. பெங்களூரில் வேலை பார்த்தபோது, கூட வேலை பார்த்த நேபாளத்துப் பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு அவனுடைய ஊரான பொக்காராவுக்குப் போய்விட்டாள். போன கையோடு மாப்பிள்ளையின் படத்தை அனுப்பியிருந்தாள். அண்ணாச்சி அதை வாங்கிப் பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் கண்ணெதிரே மேசை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டுக் கடைக்குக் கிளம்பிவிட்டார். அன்றைக்குத்தான் மதினி, அதாவது அவருடைய மனைவி, உட்கார்ந்து அழுதார்.

வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. எங்கள் ஊரில் சாம்பிளைப் பார்த்துக் குறை சொல்கிறவன்தான் வாங்குவான். "பச்சை பத்தாது, ஈரம் இருக்கு, காய் பொடுசு" என்று அடுக்கினால் தோட்டக்காரர் நிம்மதியாக டீ குடிக்கப் போகலாம். ஒன்றும் பேசாமல் தட்டைத் தள்ளி வைத்தால் அந்தச் சரக்கு அவனுக்கு வேண்டாம் என்று பொருள்.

பிறகு பேத்தி பிறந்தாள். பூங்கொடி அம்மாவிடம் போனில் சொல்லிவிட்டாள்: "எனக்குத்தான் அண்ணன் தம்பி இல்லையேம்மா. அப்பா மடியில வச்சுத்தான் காது குத்துவேன். அவரு வரலைன்னா என் புள்ளைக்குக் காது மூளியாவே இருக்கட்டும்."

மதினி மூன்று நாள் சமையலில் உப்பைக் குறைத்தார். நாலாம் நாள் அண்ணாச்சி இறங்கி வந்தார். "போவோம். ஆனா நம்ம ஜீப்புலதான் போகணும்."

"பிளேன்ல போனா வெரசா போயிரலாமே அண்ணாச்சி" என்றேன்.

"சாம்பிளுக்குக் கொஞ்சம் மேல ஏத்தி எறக்கிக் காட்டுவானா?"

"காட்ட மாட்டான்."

"அப்பப் பேசாத."

செல்போன் வழி காட்டுமே என்றேன். எல்லையைத் தாண்டினால் நம் சிம் செத்துவிடும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். வானத்தில் இருந்து நேராகச் சேதி வாங்கி, இரண்டு நாட்டிலும் வழி சொல்கிற கருவி ஒன்று தனியாக உண்டு, அதை வாங்கியதும் புறப்பாடு என்று அறிவித்தார். அப்போது பேத்தி குப்புற விழுந்துகொண்டிருந்தாள். இப்போது ஓடுகிறாள். காது இன்னும் மூளிதான்.

முதல் கருவியை மதுரைக் கடை ஒன்றில் இருந்து, திருப்பித் தருவதாகச் சொல்லி வாங்கி வந்தார். சாம்பிள் ஓட்டத்துக்குப் போடிமெட்டு மலைப்பாதை. ஏன் என்று கேட்டதற்கு, "ரெண்டு நாட்டுல ஓடணும்ல? மெட்டைத் தாண்டுனா கேரளா. பேச்சு வேற, போலீஸு வேற, பரோட்டா வேற. அதுவும் ஒரு நாடு மாதிரித்தான்" என்றார்.

கருவிக்குள் ஒரு பெண் பேசினாள். மலையடிவாரத்து முந்தலில் இடது பக்கம் மெட்டுக்குப் போகச் சொன்னாள். அண்ணாச்சி வேண்டுமென்றே குரங்கணிப் பாதையில் விட்டார். அவள் பொறுமையாகத் திரும்பச் சொன்னாள். திரும்பி வந்து, மறுபடியும் குரங்கணிக்கே விட்டார். மதியம் வரை இதே சோலி. அவள் குரல் உயரவே இல்லை.

"இது ஆகாது" என்றார் அண்ணாச்சி. "இத்தன தடவ தப்பாப் போறேன், ஒரு வார்த்த வையலையே. அக்கறை இருந்தா வைய மாட்டாளா?"

இரண்டாவது கருவி, வெளிநாட்டில் இருக்கும் அவருடைய மச்சினர் அனுப்பியது. நேபாளம் முழுக்க அதில் இருந்தது. நம் மலை மட்டும் இல்லை. மெட்டு சோதனைச் சாவடியைத் தாண்டியதும் திரையில் சாலை அழிந்து வெறும் பச்சையாகிவிட்டது.

"நம்ம காட்டுக்குள்ள நிக்கிறோம்னு காட்டுதுடா."

"காட்டுக்குள்ளதான் அண்ணாச்சி நிக்கிறோம்."

"அத நாம சொல்லணும். அது சொல்லப்படாது."

கொஞ்ச தூரத்தில் அது திடீரென்று தெளிவு பெற்று, ஒரு மண் பாதையில் இறங்கச் சொன்னது. இறங்கினோம். முன்பின் தெரியாத ஒரு எஸ்டேட்டின் ஏலக்காய் உலர்த்தும் கட்டடத்தின் முன் நிறுத்தி, சேரவேண்டிய இடம் வந்துவிட்டது என்றது. எனக்குத் தலை வலித்தது. அண்ணாச்சி உள்ளே போய் ஒரு காயை எடுத்துக் கடித்து, "சூடு கூடிப்போச்சு" என்று ஆரம்பித்தார். மேனேஜர் முதலில் திருடன் என்று நினைத்தார். பிறகு நாற்காலி போட்டார். இருட்டும் நேரத்தில் ஜீப்பில் இரண்டு மூட்டையோடு வீடு திரும்பினோம். கருவியைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

எனக்கு அலுத்துவிட்டது. மதினியிடம் போய், "இவரு போக மாட்டாரு மதினி. வாங்குற மாதிரி ஏச்சுக் காட்டுறாரு, அவ்வளவுதான்" என்றேன்.

மதினி அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். "குத்தந்தானே சொல்லுறாரு தம்பி? அப்ப வாங்கிருவாரு" என்று சொல்லிவிட்டுத் தவிட்டை ஊதினார்.

நான் இட்லியை மூடி வைத்த அந்தச் சனிக்கிழமை வந்தது மூன்றாவது கருவி. வடக்கே இருந்து சரக்கு வாங்க வருகிற வியாபாரி ஒருவர் கொண்டுவந்து கொடுத்தது. இரண்டு நாடும் இருந்தது, தமிழ் பேசியது. பொக்காராவில் பூங்கொடி வீட்டு முகவரியை நானே அதில் ஏற்றினேன். போகவேண்டிய சாலை முழுவதும் நீலக் கோடாக விழுந்தது. பிறகு மெட்டுக்கு மாற்றி ஓட்டிப் பார்த்தோம். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவையும் முன்கூட்டிச் சொன்னது. குரங்கணிப் பக்கம் அண்ணாச்சி ஒடிக்கவே இல்லை. சாவடிக்காரர் எட்டிப் பார்த்தார்.

"எந்தா அண்ணாச்சி, இன்னைக்கும் சாம்பிளா?"

அண்ணாச்சி கையை ஆட்டிவிட்டு ஜீப்பை நகர்த்தினார். எல்லை தாண்டியும் திரையில் சாலை அழியவில்லை. கேரளப் பக்கம் பூப்பாறை வரை போய்த் திரும்பினோம். அவர் ஒரு குறையும் சொல்லவில்லை. மெட்டு டீக்கடையில் ஜீப்பை நிறுத்தி, கருவியைக் கழற்றி, பலகையில் வைத்து, மெதுவாக ஓரமாகத் தள்ளினார்.

அந்தத் தள்ளலை நான் ஏற்கெனவே ஒருமுறை பார்த்திருக்கிறேன்.

பனி இறங்கிக்கொண்டிருந்தது. டீ ஆறிய பிறகு அவர் கேட்டார். "தம்பி, இது வீட்டு வாசல் மட்டும் கொண்டு விட்டுருமா?"

"விட்டுரும் அண்ணாச்சி."

"போயி நிக்கிறோம்னு வையி. அவ கதவத் தொறந்து, இத்தன வருசம் என்னப்பா பண்ணுனீங்கன்னு கேட்டா?"

இத்தனை சனிக்கிழமைகளாக அவர் பார்த்துக்கொண்டிருந்தது எந்தச் சாம்பிளை என்று எனக்கு அப்போது விளங்கியது. அதற்கு மேல் பொறுக்க எனக்கும் தெம்பு இல்லை. என் செல்போனை எடுத்துப் பூங்கொடிக்குப் போட்டு, சத்தத்தைக் கூட்டி அவர் முன்னால் வைத்தேன்.

"சொல்லுங்க சித்தப்பா."

"நாந்தான்" என்றார் அண்ணாச்சி.

அந்தப் பக்கம் பாத்திரம் கழுவுகிற தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"அப்பா."

அவர் போன் பக்கம் குனிந்தார். "உங்க ஊர்ல ரோடு எப்படி?"

"மோசம்ப்பா."

"எவ்வளவு மோசம்?"

"மழை பேஞ்சா மலை இறங்கி ரோட்டுல நிக்கும்."

"மலைய நிறுத்தக்கூட வக்கில்லாத ஊரு. டீ?"

"சுமார்தான். இங்க ஏலக்காயே வேற மாதிரிப்பா. கருப்பா, பெருசா, புகைவாசமா இருக்கும்."

"அது ஏலக்காயா, கருவாடா?" அண்ணாச்சி நிமிர்ந்து உட்கார்ந்தார். "குளிரு?"

"ரொம்ப."

"ஒண்ணுமே சரியில்லையே." கண்ணாடி டம்ளரைத் திருப்பியபடி கேட்டார். "போட்டாவுல பாத்தேன். உன் வீட்டுக்காரனுக்கு எதுக்குக் காது அவ்வளவு பெருசா இருக்கு?"

பூங்கொடி ஏலக்காய்க்காரர் மகள். குறை விழுந்தால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாதா?

"ஆமாப்பா, பெருசுதான். புள்ளைக்கும் அதே காதுதான்."

"அப்ப நல்லது. குத்துறதுக்கு எடம் இருக்கு" என்றார் அண்ணாச்சி.

டீக்கடைக்காரர் அடுப்பைப் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டார்.

இறங்கும்போது மலை முழுக்கக் கருவிக்குத் திட்டு விழுந்தது. சத்தம் கம்மி. பொத்தான் பொடுசு. வளைவு வருமுன்னே வளைவு வளைவு என்று பயமுறுத்துகிறது. தமிழ் பேசுகிறதே தவிர யாரையும் அண்ணே என்று கூப்பிடத் தெரியவில்லை. முந்தல் வந்தபோது அது அவருடைய சொந்தப் பொருளாகியிருந்தது.

என் வாசலில் ஜீப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார். "மாசி கடைசியில கெளம்புறோம். இத மட்டும் நம்பி விட முடியாது. இது ஒரு வழி சொல்லட்டும், நீ ஒரு வழி சொல்லு. ரெண்டும் ஒத்துப்போனா நான் வேற வழில போயிருவேன்."

வருகிறாயா என்று அவர் கேட்கவே இல்லை. நேபாளம் வரை அந்த ஜீப்பில், அந்த மனிதரோடு. என் இடுப்பு தாங்குமா, கடைகளின் கணக்குகளை யார் பார்ப்பார்கள், போகிற வழியில் எத்தனை மாநிலத்து இட்லியை அவர் கடித்துப் பார்த்துத் திருப்பிக் கொடுப்பார் என்றெல்லாம் படுத்தபடி யோசித்தேன். முடியாது என்று சொல்லிவிடுவதாகத் தீர்மானித்துத் தூங்கினேன்.

மறுநாள் காலை முதல் வேலையாகப் பரணில் இருந்த கம்பளிச் சட்டையை எடுத்து, உதறி, வெயிலில் காயப்போட்டேன்.