பல் டாக்டரின் மனைவி பாலைவனத்தில் இருக்கிறாள்

கடைவாய்ப் பல்லைப் பிடுங்கி, தையல் போட்டு, பஞ்சை வைத்து அழுத்திய பிறகும் போஸ்ட் மாஸ்டர் நாற்காலியை விட்டு இறங்கவில்லை. பல் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மனஷைத் தேத்திக்கங்க டாக்டர்," என்றார், மரத்துப்போன பாதி வாயால். "எல்லாம் ஷரியாயிடும்."

பல்லைப் பறிகொடுத்தவர் பிடுங்கியவருக்கு ஆறுதல் சொல்வதை டாக்டர் தம் அனுபவத்தில் பார்த்ததில்லை.

"எனக்கென்ன சார்? நல்லாத்தானே இருக்கேன்?"

"அப்படித்தான் தைரியமா இருக்கணும்," என்று தோளைத் தட்டிவிட்டு அவர் போய்விட்டார்.

டாக்டருக்கு உலகத்தில் ஒரே பலவீனம், மனைவி. அவள் பயண எழுத்தாளர். எங்கேயும் தனியாகத்தான் போவாள். பனிமலையில் கூடாரத்துக்கு வெளியே ஓநாய் மோப்பம் பிடித்துக்கொண்டிருக்க, உள்ளே உட்கார்ந்து அடுத்த அத்தியாயத்தை எழுதியவள். ஓட்டைப் படகைத் தானே அடைத்து ஆற்றைக் கடந்தவள். டாக்டரோ பக்கத்து ஊருக்குப் பஸ் ஏறினாலே எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்திருப்பவர். கிளினிக்கை இந்த ஊருக்கு மாற்றிய வாரமே அவள் பழைய ஊரிலிருந்தே பாலைவனத்துக்குக் கிளம்பிவிட்டாள். அன்றிலிருந்து அவள் பெருமையை வந்தவர்களிடமெல்லாம் சொல்லிவந்தார். வாயைத் திறந்து வைத்திருப்பவர்களால் குறுக்கே பேச முடியாது என்பது இந்தத் தொழிலில் ஒரு வசதி.

அடுத்துத் துணிக்கடை அம்மாள் வந்தாள். வாயைத் திறப்பதற்கு முன்பே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சாப்பாடெல்லாம் ஒழுங்கா சாப்பிடறீங்களா டாக்டர்?"

"சாப்பிடறேன். ஏன்?"

"சும்மாதான் கேட்டேன்."

மதியம் டாக்டர் நர்ஸைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, என் மனைவியைப் பத்தி ஊர்ல என்ன பேசிக்கறாங்க?"

நர்ஸ் தரையைப் பார்த்தாள். "நான் எதையும் காதுல போட்டுக்கறதில்ல சார்."

"பரவாயில்ல, சொல்லு. அவ இல்லைன்னு பேசிக்கறாங்களா?"

நர்ஸ் மெதுவாகத் தலையசைத்தாள். "ஆமா சார்."

டாக்டர் நெற்றியில் அடித்துக்கொண்டார். தவறு தம்முடையதுதான். போன வாரம் முழுக்க, "என் மனைவி போயிட்டா சார். ரொம்ப நாளா ஆசைப்பட்டா, சந்தோஷமா போனா. நான்தான் வழியனுப்பி வெச்சேன்" என்று பார்த்தவர்களிடமெல்லாம் பூரித்துப் போயிருந்தார். வேறு எப்படிப் புரிந்துகொள்வார்கள்?

இதைச் சரிசெய்தாக வேண்டும். அவளுடைய புத்தகத்தின் பின்னட்டைப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் காத்திருக்கும் அறையில் மாட்டினார். ஒட்டகத்தின் கழுத்தில் கைபோட்டுக்கொண்டு அவள் சிரிக்கும் படம். நன்றாகத் தெரியட்டும் என்று மேலே ஒரு சின்ன விளக்கையும் போட்டார்.

விளக்கைப் போட்ட பிறகுதான் நிலைமை கெட்டது. வந்தவர்கள் படத்தின் முன்னால் நின்றார்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். செருப்புச் சத்தம்கூட வராமல் போய் உட்கார்ந்தார்கள்.

"நல்லா இருக்காங்க," என்றார் போஸ்ட் மாஸ்டர், தையல் பிரிக்க வந்தபோது. "படத்துல."

"நேர்லயும் நல்லா இருப்பா சார். முந்தாநாள்கூட என்கிட்ட பேசினா."

போஸ்ட் மாஸ்டர் எச்சிலை விழுங்கினார். "பேசினாங்களா?"

"போன்லதான். குரல் விட்டு விட்டுக் கேட்டுது."

"அது... வேற யாருக்காவது கேட்டுதா டாக்டர்?"

அன்று சாயங்காலம் பேங்க் மேனேஜரின் மனைவி வந்தாள். அவளுக்குப் பல்லில் ஒரு குறையும் இல்லை.

"தப்பா எடுத்துக்காதீங்க. ஆம்பளை தனியா இருந்தா மனசு கண்டபடி போகும். எங்க சித்தி பொண்ணு ஒருத்தி இருக்கா. ரொம்பப் பொறுமைசாலி."

"என்னம்மா இது? எனக்குத்தான் மனைவி இருக்காளே."

"இருக்கட்டும்," என்றாள் அவள் இதமாக. "அவங்க கோவிச்சுக்க மாட்டாங்க."

மறுநாள் டாக்டர் மனைவியின் புத்தகத்தையே எடுத்துக்கொண்டு காத்திருக்கும் அறைக்கு வந்து உரக்கப் படித்தார். "மணலில் திசை தப்பினால் ஓடக் கூடாது. உட்கார்ந்து தேநீர் போட வேண்டும். கொதிப்பதற்குள் பயம் ஆறிவிடும்." அழகான எழுத்து. எவ்வளவு தைரியம் இருந்தால் ஒருத்தி இப்படி எழுதுவாள். நிமிர்ந்து பார்த்தால் அறையே கைக்குட்டையை எடுத்திருந்தது.

அதன்பின் போன் வருவதும் நின்றது. ஒரு வாரம் போயிற்று. எல்லோரும் தாழ்ந்த குரலில் பேசப் பேச, டாக்டருக்கே பயம் வந்துவிட்டது. விளக்கடியில் நின்று படத்தைப் பார்த்தார். "வந்துடுவேல்ல?" என்று கேட்டார். பின்னால் நின்ற நர்ஸ் சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

திங்கட்கிழமை காலை கிளினிக் நிரம்பி வழிந்தது. கதவைத் திறந்துகொண்டு ஒரு பெண் உள்ளே வந்தாள். முதுகில் ஆளுயர மூட்டை. தோல் உரிந்த மூக்கு. தலையிலிருந்து மணல் கொட்டியது. கன்னத்தைக் கையால் பிடித்திருந்தாள்.

"டாக்டர் இருக்காரா? காய்ஞ்ச ரொட்டியைக் கடிச்சுப் பல்லு உடைஞ்சுபோச்சு."

"டோக்கன் வாங்கிட்டு உக்காருங்க," என்ற நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள். மறுபடி அவளைப் பார்த்தாள். டோக்கன் கட்டு கீழே விழுந்தது.

குரல் கேட்டு டாக்டர் கையுறையோடு ஓடிவந்தார்.

"போன் மணல்ல விழுந்துடுச்சுங்க," என்றாள் அவள். "ஆனா புத்தகம் முடிஞ்சுது. மொத்தப் பாலைவனத்தையும் நடந்தே தாண்டிட்டேன்."

டாக்டர் அவள் மூட்டையை வாங்கித் தம் தோளில் மாட்டிக்கொண்டார். பாரம் அவரைப் பின்னால் இழுத்தது. இருந்தும் நெஞ்சை நிமிர்த்தி அறை முழுவதையும் பார்த்தார்.

"எல்லாரும் நல்லா பாத்துக்குங்க. இவதான் என் மனைவி. தனியா போனா, தனியா ஜெயிச்சு வந்திருக்கா. இவளைப் போய்ச் செத்துட்டான்னு சொன்னீங்களே."

டோக்கன்களைப் பொறுக்கிக்கொண்டிருந்த நர்ஸ்தான் எழுந்தாள்.

"செத்துட்டாங்கன்னு யாரு சார் சொன்னா? உங்களுக்குக் கல்யாணமே ஆகலைன்னுல்ல ஊரே நெனச்சுக்கிட்டு இருக்கு."