விச்சு மாமாவின் உருக்கு டைப்ரைட்டர்

எந்தப் பொருளையும் எனக்குச் சுத்தமாக வைத்துக்கொள்ளத் தெரியாது. இதை நான் எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டேன். சுத்தம் செய்யத் தெரியும் என்று ஒரு காலத்தில் நம்பினேனே, அதுதான் வினை. இந்தக் கதையை எங்கள் வீட்டில் எல்லோரும் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். ஆளுக்குக் கொஞ்சம் சேர்த்துச் சேர்த்து, நான் எஸ்டேட்டுக்கே தீ வைத்தேன் என்கிற அளவுக்கு வந்துவிட்டது. அலுத்துப்போய் நானே சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளின் நடுவில் நான் வண்டிப்பெரியாருக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட் ஆபீசில் கிளார்க். சொந்த ஊர் கல்பாத்தி. பீர்மேட்டில் இன்னொரு எஸ்டேட்டில் விச்சு மாமா ஹெட்கிளார்க். அவரும் கல்பாத்திக்காரர்தான். அவர் பெண் கோமதியை எனக்குப் பார்த்திருந்தார்கள். ஜாதகம் பொருந்தி, பெண் பார்த்து, பஜ்ஜியும் சாப்பிட்டாயிற்று (ஐந்து). நிச்சயம் மட்டும் பாக்கி. பையனுக்குப் பொறுப்பு போதாதோ என்ற சந்தேகத்தில் மாமா நாளைக் கடத்திக்கொண்டிருந்தார். எனக்கோ கோமதியைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

அந்தச் சமயத்தில் எங்கள் ஆபீஸ் டைப்ரைட்டர் படுத்துவிட்டது. கொச்சிக்குப் போக வேண்டிய ரிப்போர்ட் பாதியில் நின்றது. கேள்விப்பட்ட மாமா, தம்முடைய சொந்த டைப்ரைட்டரை ஒரு வாரத்துக்குக் கொடுத்தார். (பரீட்சை வைத்தார் என்று இப்போது புரிகிறது.)

பெட்டியோடு கையில் தூக்கிப் போகிற சின்ன வகை அது. சிங்கப்பூரிலிருந்து வந்தது. வெள்ளி நிறத்தில் பளபளக்கும். போடிமெட்டு வரைக்கும் அதன் புகழ் பரவியிருந்தது, பரப்பியவர் மாமாதான். கை கழுவித் துடைத்துக்கொண்டுதான் தொடுவார். வேறு யாரையும் தட்டிப் பார்க்க விடமாட்டார்.

"முழுக்க உருக்காக்கும், கேட்டியா? ப்ளாஸ்டிக்குங்கற பேச்சே கெடையாது. பத்து வருஷத்துல ஒரு கீறல் உண்டா, பாரு. விஜயதசமி அன்னிக்குக் காலம்பற பத்து மணி பஸ்ஸுல வந்து எடுத்துண்டு போறேன்" என்றார்.

உருக்காயிற்றே, கனக்கும் என்று இரண்டு கையாலும் தூக்கினேன். பூனைக்குட்டி மாதிரி எழும்பி வந்தது. வெளிநாட்டு உருக்குக்குக் கனம் இருக்காதுபோல என்று நினைத்துக்கொண்டேன். (பிசிக்ஸ் படித்துப் பட்டம் வாங்கியவன் நான்.)

ரிப்போர்ட் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. அத்தோடு அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கலாம். மறுநாள் ஆயுத பூஜை. ஃபாக்டரி ஃபிட்டர் சுடலைமுத்து, குழைத்த சந்தனமும் குங்குமமுமாக ஒவ்வொரு இயந்திரத்துக்கும் பொட்டு வைத்துக்கொண்டே ஆபீசுக்கு வந்தார். தராசு, ஜீப், ஸ்டேப்ளர் எதுவும் தப்பவில்லை. மாமனார் வீட்டு டைப்ரைட்டருக்கு மரியாதை குறையக் கூடாது என்று, "அண்ணாச்சி, இதுக்குக் கொஞ்சம் பெரிசா வைங்கோ" என்றேன். அவர் வைத்தார். பூஜையில் வைத்ததை மறுநாள் காலை வரை தொடக் கூடாது. மலை மூடுபனியிலோ அங்கே எதுவும் காயாது. குங்குமம் ஊறிக்கொண்டே இருந்தது.

காலையில் சந்தனத்தை எடுத்தேன். வெள்ளி மூடியின் நட்டநடுவில் பப்படம் அகலத்துக்குச் சிவப்புக் கறை. மணி எட்டரை. ஈரத்துணியால் துடைத்தேன்; சிவப்பு ரோஜா நிறமாகி இன்னும் அகலமானது. சோப்பு போட்டேன், தேங்காயெண்ணெய் போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. கோமதி கைவிட்டுப் போய்க்கொண்டிருந்தாள். அழாத குறையாகச் சுடலைமுத்துவைக் கூப்பிட்டேன்.

"இதுக்கா சார் இப்படிப் பதறுதிய? இரும்புதான? ஜீப்புக்குப் பெயிண்ட் அடிக்கையில தின்னர் வச்சுத்தான் தொடைப்பம். ஒரு இழுப்பு, பளிச்சுன்னு ஆயிரும்."

"இரும்பு இல்லே, உருக்கு" என்று திருத்தினேன். அந்த நிலையிலும்!

"அப்பம் இன்னும் நல்லதுல்லா."

பஞ்சைத் தின்னரில் நனைத்து நானே துடைத்தேன். குங்குமம் போய்விட்டது. அடுத்த இழுப்பில் வெள்ளியும் போய்விட்டது. உள்ளேயிருந்து பழைய பல் மாதிரி ஒரு மஞ்சள் எட்டிப் பார்த்தது. என்ன இது என்று கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். விரல் உள்ளே போயிற்று. பிடுங்கினேன். ரேகை பிசகாமல் என் கட்டைவிரல் அங்கே பதிந்திருந்தது.

சுடலைமுத்து குனிந்து மோந்து பார்த்தார். "சார், இது எங்க வீட்டுச் சோப்புப் பெட்டி தினுசுல்லா!"

பத்து மணி பஸ் வந்தது. மாமாவிடம் மூடியைக் காட்டினேன். மாமா பார்த்தார். கத்துவார் என்று காத்திருந்தேன். அவர் போய் முதலில் கதவைச் சாத்தினார்.

"யாராவது பாத்தாளா?"

"ஃபிட்டர் மாத்திரம். மாமா, இது ப்ளாஸ்..."

"உஷ்!" நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். "மூணாம் வருஷமே தெரியும்டா. மழைக்காலத்துல காயட்டும்னு கணப்புக்குப் பக்கத்துல வெச்சேன். இதோட கால் ஒண்ணு இளகிப் போச்சு. அதுக்குள்ள ஊர் பூரா உருக்குன்னு சொல்லியாச்சே, என்ன பண்றது? ஏழு வருஷமா இதை ஒருத்தன் தொடாம பாத்துக்கறதுக்குள்ள எனக்குப் பிராணன் போறது."

அவர் முகத்தில் அத்தனை களைப்பு. என் பயமெல்லாம் வடிந்து, பாவமாக இருந்தது. மாமா என் கட்டைவிரலையும் மூடியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வெளியில மூச்சு விடப்படாது."

"விட மாட்டேன் மாமா."

"வெளி மனுஷா அப்படித்தான் சொல்லுவா" என்று பெருமூச்சு விட்டார். "அடுத்த மாசமே நிச்சயத்தை வெச்சுண்டுடலாம்."

கல்யாணத்துக்குச் சீராக அந்த டைப்ரைட்டரும் வந்து சேர்ந்தது. கல்யாணமான பிறகு சத்தியத்தை நான் மூன்று நாள்தான் காப்பாற்றினேன். நாலாம் நாள் கோமதி மூடியைப் பார்த்துவிட்டு, "இது யார் கைநாட்டு?" என்று கேட்டாள். சொல்லிவிட்டேன். அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்த பிறகு, அதைத் திருப்பி அடிப்பக்கத்தைக் காட்டினாள். பன்னிரண்டு வயதில், கவிழ்த்து வைத்திருந்த அதன்மேல் அவள் சூடான காப்பி டம்ளரை வைத்த வட்டம் அங்கே பதிந்திருந்தது. அப்பா வருத்தப்படுவார் என்று அவளும் வாயைத் திறக்கவில்லையாம்.

"படிச்ச மாப்பிள்ளைன்னு சொன்னா. கைநாட்டு வெச்சுன்னா என்னை வாங்கிண்டு வந்தார்" என்று அன்று ஆரம்பித்தவள்தான், இன்னும் நிறுத்தவில்லை.

போன வருஷம் என் பெண் லாப்டாப் ஒன்று வாங்கினாள். முழுக்க அலுமினியமாம், ஒரு கீறல் விழாதாம். ஆயுத பூஜை அன்று அதைத் துணியில் சுற்றி அலமாரியில் பூட்டிவிட்டு, சந்தனக் கிண்ணத்தோடு என்னிடம் வந்தாள். எங்கள் வீட்டில் எந்த இயந்திரத்துக்கும் பொட்டு கிடையாது. எல்லாவற்றுக்கும் சேர்த்து என் கட்டைவிரலுக்குத்தான். நானும் சமர்த்தாக நீட்டிவிடுகிறேன்.