எஸ்டேட் டிராக்டருக்கு ஆள் பார்க்கச் சொல்லி மாமாவுக்கு

மதிப்பிற்குரிய மதியழகன் மாமாவுக்கு, மல்லசமுத்திரத்திலிருந்து கௌசிக் வணக்கம் சொல்லி எழுதிக்கொண்டது. சத்தீஸ்கர் காட்டில் நீங்களும் போர் போடுகிற ரிக் வண்டியும் நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதச் சொல்லி அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். எழுதிவிட்டேன். இப்போது அவள் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டதால் மீதியை உள்ளபடி எழுதுகிறேன். உங்கள் இடத்தில் டவர் கிடைப்பதில்லை. நாளைக் காலை கிளம்புகிற உங்கள் டிரைவர் ரங்கண்ணனிடம் ஊறுகாய் டப்பாவோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன்.

முதலில் விஷயம். போன சித்திரையில் ஏற்காட்டு எஸ்டேட் ஒன்றிலிருந்து நீங்கள் பிடித்துக் கொடுத்தீர்களே ஒரு பழைய தோட்ட டிராக்டர், அதை எடுத்துக்கொள்ள உடனே ஒரு ஆள் பாருங்கள். அதன் கலப்பை, மண் தள்ளுகிற பலகை, வயிற்றுக்கடியில் தொங்குகிற புல் வெட்டும் தட்டு எல்லாவற்றையும் சேர்த்து எடுத்துப் போகட்டும். சும்மா கொடுத்தாலும் சரி. எனக்கு அது வாசலில் நிற்கக் கூடாது.

உங்கள் மேல் தப்பில்லை. அப்பாவைச் சேலத்தில் காட்டிய அன்று நீங்களும் கூட இருந்திருந்தால் நிலைமை புரிந்திருக்கும். டாக்டர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். என்னைக் காட்டி, "பெரியவரே, இது யாரு?" என்று கேட்டார். அப்பா, "சாமிங்க" என்றார். டாக்டர் முகம் மாறி அம்மா பக்கம் திரும்பி, "பெத்த பிள்ளையைக் கடவுள்னு சொல்றாரே, எவ்வளவு நாளா இப்படி?" என்றார். அம்மா, "பொறந்ததுல இருந்தே அப்படித்தானுங்க கூப்புடுவாரு" என்றாள். அவர் சீட்டில் பக்தி சம்பந்தமாக ஏதோ எழுதி, நான் அதை அடிக்கச் சொல்லி, நம் பக்கத்தில் சாமி என்றால் என்ன என்று அவருக்குப் பாடம் நடத்தி, அந்தப் பாடத்தை நடத்திக்கொண்டிருக்கும்போதேதான் அப்பா என் பேரைச் சொல்லவே இல்லை என்பது எனக்கு உறைத்தது. நம் ஊரில் பெற்ற பிள்ளையும் சாமி, பால் ஊற்றுகிறவரும் சாமி, கரண்ட் ரீடிங் எடுக்க வருகிறவரும் சாமி. அப்பாவுக்கு எங்கள் பேரெல்லாம் எப்போது போயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு வருஷமாவது இருக்கும். அந்த ஒரே சொல்லை வைத்துக்கொண்டு மனுஷன் சமாளித்திருக்கிறார்.

பழகின பொருளைக் காட்டினால் கொஞ்சம் தெளியலாம் என்று டாக்டர் சொன்னதை வைத்துத்தான் இந்த டிராக்டரைத் தேடினோம். கல்யாணத்துக்கு முன்னால் பதினொரு வருஷம் அப்பா எஸ்டேட்டில் ஓட்டியது இதே மாடல். அமெரிக்காக்காரன் ஐம்பது வருஷத்துக்கு முன்னால் செய்தது, ஒற்றை சிலிண்டர், பத்துக் குதிரைச் சக்தி. நீங்கள் அனுப்பியபோது அதில் சக்தியும் இல்லை, குதிரையும் இல்லை. பெட்ரோல் டேங்கில் குளவிக் கூடு, பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிப்போய்க் கிடந்தது. இருபத்திரண்டு நாள் டீசல் ஊற்றி ஊறவைத்து அசைத்தேன். துருப்பிடித்த பாகங்களையெல்லாம் சலவைச் சோடாத் தண்ணியில் போட்டு, பேட்டரி சார்ஜரை மாட்டித் துருவை இறக்கி, ஒவ்வொன்றுக்கும் நம்பர் எழுதிய சீட்டுக் கட்டி, தட்டுத் தட்டாக அடுக்கி வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். அன்றைக்கு ஆயுத பூஜை. சாயங்காலம் வந்து பார்த்தால் அம்மா நூற்றுப் பதினேழு பாகங்களையும் ஒரே அண்டாவில் கொட்டிக் கழுவி, சீட்டையெல்லாம் பிய்த்து எறிந்து, கார்புரேட்டரின் பித்தளை மிதவையைப் புளி போட்டுத் தேய்த்துக் குத்துவிளக்கு மாதிரி பளபளவென்று வைத்திருக்கிறாள். கார்புரேட்டர் ஜெட்டில் பெட்ரோல் போகிற ஓட்டை ஒரு தலைமுடி நுழைகிற அளவுதான். அதன் மேல் சரியாகச் சந்தனப் பொட்டு. நான் கத்தினேன். "கழுவாம எப்புடிடா பூசைக்கு வெக்கறது?" என்று அவளும் கத்தினாள். அப்புறம் அழுதாள். சந்தனத்தை ஊசியால் குத்தி எடுக்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

புல் வெட்டும் தட்டின் கதை வேறு. இந்த மானாவாரிக் காட்டில் வெட்டுவதற்கு எங்கே புல் இருக்கிறது, இருப்பதை ஆடே பார்த்துக்கொள்கிறது. சரியாகச் சுற்றுகிறதா என்று சோளம் அறுத்த இடத்தில் ஒரு நிமிஷம் ஓடவிட்டேன். தட்டுக்குள் சிக்கிய ஒரு கல் பறந்து போய்ப் பக்கத்து வீட்டுக் காளியாத்தாள் அக்காவின் டிவி டிஷ்ஷில் பட்டது. அவர் வேலி ஓரம் வந்து நின்று, "ஏஞ்சாமி, இது புல்லு வெட்டற வண்டியா, கல்லு உடற வண்டியா? நாடகம் ஓடறப்பப் பாத்துத்தான் அடிப்பியா?" என்று கேட்டார். டிஷ்ஷைச் சரிசெய்யும்வரை தினமும் ஏழரை மணிக்கு எங்கள் வீட்டில்தான் நாடகம் பார்த்தார். நன்றாகச் சத்தம் வைத்து.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளக் கூடியதுதான். அப்பா விஷயத்தைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. நான் வேலை செய்யும்போது பக்கத்தில் முக்காலி போட்டு உட்காருவார். அமெரிக்க நட்டு எல்லாம் இஞ்ச் கணக்கு. நான் வாய் திறக்கும் முன்னாலேயே பெட்டியிலிருந்து சரியான ஸ்பானரை எடுத்து, "ஒம்பது பை பதினாறு சாமி" என்று நீட்டுவார். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. அந்த நட்டின் மேல் எனக்குப் பொறாமை மாமா. அதை ஞாபகம் வைத்திருக்கிறாரே.

போன ஞாயிற்றுக்கிழமை வண்டி ஸ்டார்ட் ஆயிற்று. அம்மா நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாள். அப்பா ஏறி உட்கார்ந்தார். கிளட்சை அமுக்கிய விதத்தைப் பார்த்து நான் கை தட்டினேன். பழங்களை நசுக்கிக்கொண்டு வண்டி வாசலைத் தாண்டியது, வேலியைத் தாண்டியது, தார் ரோட்டில் ஏறித் திரும்பியது. மணிக்கு ஆறு கிலோமீட்டர்தான். நடந்தே பக்கத்தில் போனேன். "எங்கப்பா போறீங்க?" என்றேன். "எஸ்டேட்டுக்குத்தானுங்க. டூட்டிக்கு நேரமாச்சு. ஏறறதுன்னா ஏறுங்க சாமி, அடிவாரத்துல எறக்கி உடறேன்" என்றார். பின்னால் வந்த லோடு லாரி ஹாரனை அடித்தபடி ஓரமாக உரசிக்கொண்டு போயிற்று. அவர் அதற்கும் ஒரு சலாம் வைத்தார். இரண்டு கிலோமீட்டர் தாண்டிப் பெட்ரோல் தீர்ந்து வண்டி தானாக நின்றது. அங்கே வைத்துத்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். அவர் தோளைப் பிடித்து உலுக்கி, "நான் யாரு? சொல்லுங்க! நான் யாரு?" என்று நடுரோட்டில் கத்திவிட்டேன். அப்பா பயந்துவிட்டார். இரண்டு கையையும் கூப்பி, "தப்பா எடுத்துக்காதீங்க சாமி, வண்டியை ஓரமா நிறுத்திக்கறேனுங்க" என்றார்.

நான் டிப்ளமோ படித்தவன். லாரி பாடி கட்டுகிற பட்டறையில் வேலை. பிரித்துப் போட்டதையெல்லாம் திரும்பப் பூட்டிவிடலாம் என்றுதான் இத்தனை நாள் பழகியிருக்கிறேன். இது அப்படி இல்லை. வண்டி ஓடினால் அவர் வீட்டை விட்டுப் போய்விடுவார், ஓடாவிட்டால் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். லாரியில் ஏற்ற வசதியாக நாளையிலிருந்து பிரிக்கப் போகிறேன். சீக்கிரம் ஆள் அனுப்புங்கள்.

அத்தையையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்லவும். நீங்கள் துளை போடுகிற இடமெல்லாம் முந்நூறு அடிக்குள் தண்ணி வரட்டும் என்று அம்மா வேண்டிக்கொள்கிறாள்.

உங்கள் அக்கா மகன்,
கௌசிக்

பி.கு.: ஒட்டிய கவரைப் பிரித்து இதை எழுதுகிறேன். ரங்கண்ணன் டீ குடித்துக்கொண்டிருக்கிறார். விடிந்ததும் மட்கார்டைக் கழற்ற ஆரம்பித்தேன். அப்பா பக்கத்தில் வந்து, அம்மாவுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தி, "ஏனுங்க சாமி, எதுக்கு மறுக்காப் பிரிக்கறீங்க? வெரசா முடிச்சுக் குடுங்க. ஞாயித்துக்கெழம எம்பையன் வாரான். கௌசிக்குன்னு பேரு, மிசினு படிச்சவன். கோவக்காரன். ஒரு போல்ட்டு லூசா இருந்தாலும் உங்களைத்தான் பேசுவான்" என்றார். "வந்தா அடையாளம் தெரியுமாங்க?" என்று கேட்டேன். "பெத்த பையனத் தெரியாமப் போயிருமா, என்ன பேச்சுப் பேசறீங்க" என்று சிரித்தார். எத்தனை மாதத்துக்குப் பிறகு சிரிக்கிறார் தெரியுமா?

ஆள் பார்க்க வேண்டாம் மாமா. ஞாயிற்றுக்கிழமைக்குள் முடித்துத் தருவதாக அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.