கை படிய வேண்டும்

மனிதனைப் படைத்தவர் கடவுள். படைப்பில் விட்டுப்போன பிழைகளைத் திருத்தும் உரிமையை அவர் சர்ஜன்களுக்கு மட்டுமே கொடுத்திருக்கிறார். டாக்டர் யேசுரத்தினம் இதை வகுப்பில் முழங்கிவிட்டு, கண்ணாடியைத் துடைத்து மாட்டிப் பார்த்தபோது, பெஞ்சில் ஜெபமணி மட்டும் இருந்தான்.

"மரியான் எங்கடே?"

"பெட்டியத் தூக்கிட்டுப் போயிட்டான் ஐயா. நீங்க கண்ணாடியத் தொடைக்கச்சில."

முதலில் ரசலையன் போனான். பிறகு ஜான்ரோஸ். இப்போது மரியான். நாகர்கோவில் பக்கத்து அந்த மிஷன் ஆஸ்பத்திரியில் சர்ஜரி படிக்க வந்தவர்களில் மிச்சம் இந்த ஒற்றை ஆள்தான். இவனும் போனால் வகுப்பை மூடிவிடுவதென்று கமிட்டி சொல்லிவிட்டது. மூடினால் வாசலில் தொங்கும் 'பிரின்சிபால்' என்ற பித்தளைப் பலகையையும் கழற்ற வேண்டும். சீமையில் படித்துத் திரும்பிய டாக்டர் அதைத் தினமும் புளி போட்டுத் துலக்க வைத்திருந்தார்.

விடுவதில்லை என்று தீர்மானித்தார்.

"பயலுவ ஏன் ஓடுதானுவ?" என்று நர்ஸ் சத்தியபாயிடம் கேட்டார்.

"மனசு வெறுத்துப் போச்சு ஐயா, பாவம்..."

"மனசில்லை, சத்து! ரெத்தத்தப் பாக்கணும்னா ஒடம்பில ரெத்தம் வேணும்."

மறுநாள் முதல் ஜெபமணிக்கு முட்டையும் பாலும் வந்தன. தெம்பு ஏறியவன் கேட்டான்: "ஐயா, எனக்கு எப்ப கத்தி தருவீங்க?"

"கையில என்னது இருக்கு?"

"சவரக்கத்தி."

"அதும் கத்திதாம்லே!"

டாக்டரின் முறை அது. ஆபரேஷனுக்கு முன் நோயாளியின் உடம்பில் அந்த இடத்தை மழிக்க வேண்டும். ஒரு கீறலில்லாமல் மழிக்கப் பழகியவனே சர்ஜன். கை படிய வேண்டும். அதற்காகத் தினமும் காலையில் தம் சொந்தக் கன்னத்தையே பெரிய மனத்தோடு மாணவனிடம் ஒப்படைத்தார். மழித்து முடித்த பிறகு ஆபரேஷன்தான் கொஞ்சம் தள்ளிப்போகும். கட்டி பழுக்கவில்லை, வெளிச்சம் போதவில்லை, ஒருமுறை காற்று தென்மேற்காக அடித்தது. வழுவழுப்பான நோயாளி திருவனந்தபுரத்துக்கு வண்டி ஏறுவார்.

முட்டை பலிக்கவில்லை என்றதும் டாக்டர் அன்பைக் கையிலெடுத்தார். ஏசுவதை அடியோடு நிறுத்தி, "மக்கா ஜெபமணி, சொகமா?" என்றார். ஜெபமணி நேரே சத்தியபாயிடம் ஓடினான்.

"அக்கா, எனக்குத் தீராத வியாதி என்னமும் உண்டுமா? ஐயா சிரிச்சாவ."

"நீ நல்லாத்தான் இருக்க மக்கா" என்றாள் சத்தியபாய்.

"பின்ன என்னத்துக்கு முட்டை?"

அப்போதே பெட்டியைக் கட்டிவிட்டான். டாக்டர் ஓடிவந்து பெட்டிமேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"உனக்கு வேலை போதல. அதாக்கும் காரியம். கை நெறையத் தாறேன், பாரு!"

ஞாயிறு ஆராதனையில் அறிவிப்பு வாசிக்கப்பட்டது: 'சனிக்கிழமைதோறும் ஆபரேஷன் ஆயத்தம், இலவசம்.' சனிக்கிழமை வந்ததும் ஆஸ்பத்திரி வாசலில் தேர்க்கூட்டம். கடியப்பட்டணத்து மீன்காரர்கள், கோட்டாற்றுக் கடைக்காரர்கள். எல்லோரும் வயிற்றுவலி என்று சொல்லி மோவாயைக் காட்டினார்கள்.

"வயித்துவலிக்கு மீசைய என்னத்துக்கு ஒதுக்கணும்?" என்றாள் சத்தியபாய்.

"வலி மேல கேறிக் கேறி வருதும்மா" என்றார் ஒரு மீன்காரர்.

விளக்கு வைக்கும்வரை ஜெபமணி மழித்தான். டாக்டர் மாடியிலிருந்து பார்த்து, சர்ஜரியின் புகழ் இப்படிப் பரவுகிறதே என்று பூரித்தார்.

அடுத்த சனிக்கிழமை கூட்டம் இருந்தது, ஜெபமணி இல்லை. ஆஸ்பத்திரிச் சவரக்கத்தியைத் துடைத்து மடக்கி மேசைமேல் வைத்துவிட்டுப் போயிருந்தான்.

திங்கட்கிழமை கமிட்டி. அதற்குள் பயலைக் காதைப் பிடித்து இழுத்து வந்துவிடுவதென்று டாக்டர் கோட்டை மாட்டிக்கொண்டு வில்வண்டியில் ஏறினார். விசாரித்துக்கொண்டே போய்க் கோட்டாறு கடைத்தெருவில் இறங்கினார். அங்கே ஒரு பலகை தொங்கியது, அவருடையதைவிடப் பெரிது: 'சீமை சலூன். சர்ஜரி முறையில் சவரம் செய்யப்படும்.'

உள்ளே நான்கு நாற்காலிகள். ரசலையன், ஜான்ரோஸ், மரியான், ஜெபமணி. நாலு பேர் கையிலும் கத்தி. ஒரு கையும் நடுங்கவில்லை.

"ஏலே ஜெபமணி! கடவுள் விட்ட பிழையத் திருத்த வேண்டிய கையில்லியாலே அது!"

"திருத்தியாச்சு ஐயா. கிருதா கொஞ்சம் கோணலாட்டு இருந்துது."

"என்னத்துக்குலே எல்லாவனும் ஓடுனிய?"

"எங்க ஓடுனோம்? அங்க படிப்பிச்சதத்தான் இங்க செய்யுதோம்."

டாக்டர் பதிலுக்கு வாயைத் திறந்தார். அதற்குள், பெஞ்சில் முறைக்குக் காத்திருந்த புகையிலை வியாபாரி மைதீன் கனி அவர் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, பதறி எழுந்து இடம் விட்டார்.

"எனக்குப் பொறவு செஞ்சா போதும், மக்கா. மொதல்ல டாக்டரப் பாருங்க. பாவம், எந்தக் கைபடியாத பயகிட்ட மாட்டுனாரோ!"

ஜெபமணி இல்லாததால் அன்று காலை டாக்டர் தாமே சவரம் செய்துகொண்டிருந்தார். கன்னத்தில் ஐந்து இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது.