பதினோரு முதல் வேலைகள்

மதிப்பிற்குரிய வனஜாக்ஷி அக்காவுக்கு, பெங்களூரிலிருந்து தம்பி சதானந்த ஹெக்டே எழுதிக்கொள்வது. இங்கே போக்குவரத்தைத் தவிர மற்ற எல்லோரும் நலம். சாகரா ஊரில் நீயும் அத்தானும் நலம்தானே? உன் கோபமும் நலமாக இருப்பதாகக் கேள்விப்பட்டேன்.

உன் கிரகப்பிரவேசத்தன்று நான் ஆபீசில் மஞ்சள் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்ததாக யாரோ உன்னிடம் சொன்னார்களாம். உண்மைதான். சிறுநீரகம் பழுதானவர்கள் ரத்தம் சுத்திகரிக்க எந்த நாள், எந்த மையத்துக்கு வரவேண்டும் என்று போனிலேயே பதிவு செய்யும் செயலி எங்களுடையது. செய்யவேண்டிய வேலைகளைக் காகிதங்களில் எழுதிப் பலகையில் ஒட்டி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மேலே இருப்பவற்றை எடுத்து முடிப்போம். எது மேலே, எது கீழே என்று அடுக்குவது என் வேலை. இதற்குப் போய்ச் சம்பளமா என்று நீ கேட்பாய். எங்கள் முதலாளி திருமலேஷும் அதைத்தான் நினைக்கிறார், ஏனென்றால் அவருக்கு எல்லாமே முதல் வேலை. போன முறை பதினோரு காகிதங்களில் ‘முதல்’ என்று எழுதியிருந்தார். எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டேன். “அதுக்குத்தானே உங்களை வெச்சிருக்கேன்” என்றார். அந்தப் பதினொன்றில் ஒன்று, சதுர்த்திக்குச் செயலியைத் திறந்தால் பிள்ளையார் தும்பிக்கையை ஆட்டவேண்டும் என்பது.

பதிவு செய்த நாளை மாற்றும் பொத்தான் பழுது என்றும் ஒரு காகிதம் இருந்தது, நாற்பத்து மூன்றாவதாக. புதன்கிழமை காலை, நின்றபடியே கால்மணியில் முடிக்கவேண்டிய கூட்டத்தில் ஒரு மணி நேரமாக நின்று, தும்பிக்கை இடமா வலமா என்று பேசிக்கொண்டிருந்தோம். அப்போது செயலியைச் சோதித்துப் பார்க்கும் தாக்ஷாயிணி ஒரு போனோடு வந்து, எல்லோருக்கும் கேட்கும்படி அதை மேசைமேல் வைத்தாள். பேசியவர் நெலமங்கலத்துச் சித்தலிங்கப்பா, ஓய்வுபெற்ற பஸ் டிரைவர்.

“செவ்வாயைப் புதனா மாத்தினேம்மா, மாறிடுச்சுன்னு காட்டுச்சு. இங்க வந்தா, நேத்தே உங்க முறை போயிடுச்சு, கட்டில் இல்லேங்கறாங்க. காலெல்லாம் வீங்கிக் கெடக்கு. திரும்ப பஸ் ஏற முடியுமான்னு தெரியல.”

தாக்ஷாயிணி அங்கேயே அந்த மையத்தைக் கூப்பிட்டுச் சண்டை போட்டு, மத்தியானத்துக்குள் அவருக்கு ஒரு கட்டில் வாங்கிவிட்டாள். அந்தக் காகிதத்தை நாற்பத்து மூன்றில் வைத்தது யார் என்று முதலாளி கேட்டார். உங்கள் பதினொன்றுதான் கீழே தள்ளியது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அக்கா, ஒட்டியது என் கை. ஒருமுறைகூட நான் அவரிடம் முடியாது என்று சொன்னதில்லை. “நான்தான் சார்” என்றேன்.

அதையும் முதலில் வைக்கச் சொன்னார். தாக்ஷாயிணி விடவில்லை. “பன்னிரண்டாவது முதலா சார்? ஒண்ணை ஏத்தணும்னா ஒண்ணை இறக்கணும். எதுன்னு நீங்களே இறக்குங்க.”

அவர் பலகையை வெகுநேரம் பார்த்தார். பிறகு ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, பிள்ளையாரைத் தன் கையாலேயே எடுத்துக் கீழே ஒட்டினார்.

வியாழனன்று உன் வீட்டில் பால் பொங்கியபோது நான் அந்தப் பொத்தானோடு இருந்தேன். வெள்ளி மாலை அது சரியானது. சித்தலிங்கப்பாவைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். வீக்கம் வடிந்துவிட்டதாம். இனி பொத்தானை நம்பலாமா என்று கேட்டார். நம்பலாம் என்றேன். “சரிங்க. இருந்தாலும் ஒரு போன் பண்ணிட்டே வரேன்” என்றார்.

இனி எங்கள் ஆபீசில் முதல் வேலை என்றால் ஒன்றுதான் என்று முதலாளி எல்லோர் முன்னாலும் அறிவித்துவிட்டார். ஆகவே தீபாவளிக்கு நான்கு நாள் உன் புதுவீட்டில்தான் இருப்பேன். அத்தானுக்கு என் நமஸ்காரம், பிள்ளைகளுக்கு ஆசி.

அன்புத் தம்பி,
சதானந்த

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது முதலாளி கூப்பிட்டார். அந்த போன் அவர் மனதை உலுக்கிவிட்டதாம். இனிப் புகார் சொல்லும் ஒவ்வொருவரையும் அவரே கூப்பிட்டுப் பேசுவாராம். இன்று பத்தொன்பது பேரிடம் பேசி, உங்கள் வேலைதான் முதல் என்று பத்தொன்பது பேருக்கும் வாக்குக் கொடுத்திருக்கிறார். தீபாவளிக்கு எனக்காகக் காத்திருந்து சாப்பாட்டை ஆறவிடாதே.